எழுதாமல் விட்ட வரி

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியிருந்த வாலிபர் ஒருவர் துறைமுக டிரஸ்டுக்குக் குமாஸ்தா உத்தியோகம் கேட்டு விண்ணப்பம் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியவர் என்றும், எஃப். ஏ. வரையில் படித்தவர் என்றும், பல இடையூறுகளால் படிப்பைத் தொடர முடியவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. கையெழுத்து: எஸ். ராமானுஜன்.

'இடையூறுகள்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பரீட்சைகள் ஒளிந்து கிடக்கின்றன! 1904-இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உபகாரச் சம்பளத்தோடு அரசாங்கக் கல்லூரிக்குள் நுழைந்த பையன் அவர். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. வெட்கம் தாளாமல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடற்கூற்று நூல் காலை வாரிவிட்டது. 1907-இல் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோல்வி. ஒரு பாடத்தில் நூறு வாங்கினாலும், இன்னொன்றில் தவறினால் எல்லாவற்றிலும் தவறியதாகவே அன்றைய சர்வகலாசாலை கணக்கெழுதியது.

அந்த நாளில் 'பி. ஏ. பெயில்' என்பதையே பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ராமானுஜன் அப்படியும் செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை. தோற்றேன் என்ற வரியை எழுதாமல் விட்டார். அந்த இடத்தில், தம் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாக எழுதினார். கூடவே, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசுக் கடிதம் ஒன்றையும் இணைத்தார். மார்ச் மாதம் முதல் தேதி வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அடுத்த ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதியபோதோ, எஃப். ஏ. என்ற பேச்சே இல்லை. சர்வகலாசாலைப் படிப்புக் கிடையாது, சாதாரணப் பள்ளிப் படிப்புத்தான் என்று முடித்துக்கொண்டார். குமாஸ்தா வேலைக்கு அந்த அரைகுறைப் படிப்பு உதவும், பேராசிரியரிடம் சொன்னால், "ஏன் தேறவில்லை?" என்ற கேள்வி எழும். அவர் மனக்கணக்கு அப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு சலுகையாவது வேண்டாமா? எப்படியோ, மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன.

அவை போய்ச் சேர்ந்த இடமும் வேடிக்கையானது. ஹார்டி 1898-இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் நான்காமவராக வந்து, அதையே பெருங்குறையாக எண்ணியவர். அந்தப் பரீட்சை முறையின்மீது பின்னாளில் அவர் தொடுத்த போர் பிரசித்தம். முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசையாகப் பெயர் வெளியிடும் வழக்கம் அங்கே 1909-உடன் நின்றது.

நம் ஊரில் அது நிற்க 2017 வரை ஆயிற்று. அவ்வருஷம்தான் தமிழக அரசு மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. அதே வருஷம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் எங்கள் விருதுநகர் மாவட்டம் 97.85 சதவிகிதம் பெற்று முதலில் நின்றது! சூலக்கரையிலும் சிவகாசி வட்டாரத்திலும் மதிப்பெண் என்பது வெறும் எண் அன்று. மானம் பார்த்த கரிசல் பூமி. அதை விட்டால் தீப்பெட்டியும் பட்டாசும். மருந்துக் கையோடு வீடு திரும்பும் தகப்பனுக்குப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் ஒரு விடுதலைப் பத்திரம். அதில் ஒரு வரியை மறைக்கலாமா என்று கேட்டால், அந்த வீட்டில் அது சின்னக் கேள்வியா?

அந்தக் கேள்வி இப்போது கடல் கடந்தும் வருகிறது. அமெரிக்காவில் 'சாட்' என்னும் தேர்வின் மதிப்பெண்ணை விரும்பினால் அனுப்பலாம், இல்லாவிட்டால் விடலாம் என்று பௌடன் கல்லூரி 1969-லேயே சொல்லிவிட்டது. 2020-இல் கொரோனாத் தொற்று வந்ததும் பெரும்பாலான கல்லூரிகள் அவ்வழி சென்றன. டார்ட்மத் கல்லூரி மட்டும் தன் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, 2024-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர், தங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையே, குறைவென்று பயந்து மறைத்துவிட்டார்களாம்! பெரிய பள்ளியில் படித்த பிள்ளைக்குக் குறைவாகத் தோன்றும் எண், வசதியற்ற பள்ளியிலிருந்து வந்தால் வேறு விதமாக எடைபோடப்படுகிறது. இதை அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. கல்லூரி மறுபடியும் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது.

ராமானுஜனுக்கு எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். திருக்கோவிலூர் டிபுடி கலெக்டர் ராமசாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுக அலுவலகத்து நாராயண ஐயர் என்று ஒரு சிறு கூட்டமே அவருக்காக நடையாய் நடந்தது. தேர்வுத் தாளைக் கேட்காமல் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டவர்கள் அவர்கள்.

ஹார்டியின் பதில் வந்தபின் சென்னைச் சர்வகலாசாலைக்கும் சங்கடம் வந்தது. ஆராய்ச்சிச் சம்பளம் பெற முதுகலைப் பட்டம் வேண்டுமென்பது விதி. வந்து நிற்பவரோ அந்தச் சர்வகலாசாலையே எஃப். ஏ.யில் இருமுறை தோற்கடித்த ஆள். சிண்டிகேட் கூடியது, பேசியது. 1913 மே மாதம் முதல், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்குக் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று.