தந்திச் சட்டமும் தூத்துக்குடி இன்டர்நெட்டும்

இன்னைக்கு ஒரு பழைய லெகசி கோடைப் பத்திப் பேசப்போறேன். எழுதின வருஷம் 1885. பேரு இந்தியத் தந்திச் சட்டம்.

அதோட பிரிவு 5(2) என்ன சொல்லுது? பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ வந்தா, அரசாங்கம் ஒரு செய்தியைத் தடுக்கலாம், இடைமறிச்சுப் படிக்கலாம். எந்தச் செய்தி? குறிப்பிட்ட ஆளோ, ஒரு வகை ஆட்களோ அனுப்புறது, இல்லைன்னா குறிப்பிட்ட விஷயத்தைப் பத்தினது. நம்ம பாஷையில, அந்த ஃபங்ஷனுக்கு யார், எதைப் பத்தின்னு ஆர்குமென்ட் கொடுத்தாகணும்.

2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிட்டாங்க. சட்டம் மட்டும் இருந்தது. நாலு வருஷம் கழிச்சு, 2017 ஆகஸ்டில், அதே சட்டத்தின் கீழ் புது விதிகள் வந்தன. ஒரு பகுதியோட தொலைத்தொடர்பையே நிறுத்தலாம். உள்துறைச் செயலாளர் உத்தரவு போதும், நீதிபதிகிட்ட முன்அனுமதி வேண்டாம். ஆர்குமென்ட் இடத்துல ஸ்டார் போட்ட மாதிரி. (அதுக்கு முன்னாடி 144 தடை உத்தரவை வெச்சே நெட்டை நிறுத்தினாங்க, விதின்னு ஒண்ணு வந்ததே முன்னேற்றம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு ஒப்பல.)

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தாங்க. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்திலும் இன்டர்நெட் கட். அஞ்சு நாளைக்குன்னு உத்தரவு. சமூக ஊடகத்துல பொய்ச் செய்தி பரவுதுன்னு காரணம் சொன்னாங்க. பரவியிருக்கலாம், மறுக்கல. ஆனா எந்த ஆஸ்பத்திரியில யார் இருக்காங்க, யாரைப் பிடிச்சுட்டுப் போனாங்கன்னு தேடுறவங்க என்ன பண்ணுவாங்க? போன் பேசலாமேன்னு கேட்பீங்க. போன் கால்ல வீடியோ அனுப்ப முடியாதே. யார் சுட்டாங்கன்னு காட்டுற வீடியோ, எடுத்தவர் போனிலேயே கிடக்கும். பதில் சொல்ல வேண்டிய அரசாங்கத்தோட கையிலதான் ஸ்விட்சும் இருக்கு.

நமக்கு அஞ்சு நாள். காஷ்மீர்ல 2019 ஆகஸ்டில் போன 4ஜி, 2021 பிப்ரவரியில்தான் திரும்ப வந்தது. நடுவுல, 2020 ஜனவரி 10 அன்னைக்கு, அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: காலவரையில்லாம நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிடணும். உத்தரவே கண்ணுல படலன்னா எதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போறது? ஆனா நெட்டை உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லல.

1885 சட்டத்துக்குப் பதிலா 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. சேவையை நிறுத்தும் அதிகாரம் அதுல பிரிவு 20. இந்த முறை நேரடியாவே எழுதிட்டாங்க.

உங்க ஊர்ல நெட்டை நிறுத்தின நாள் ஞாபகம் இருக்கா? அந்த உத்தரவோட நகல் கையில இருந்தா எனக்கு அனுப்புங்க.