கல்லூரியில் ஆடிய ஆட்டம் காலமெல்லாம் காக்குமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். மாணவப் பருவத்தில் அந்தச் சுவரைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. காலையில் பட்டினி, இரவில் கண்விழிப்பு, எதையும் உடம்பு தாங்கிக் கொள்கிறது. "நான் காலேஜ் டீமில் ஆடுகிறேன், எனக்கென்ன" என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த ஆட்டம் பிற்காலத்தில் நம்மைக் காக்குமா? சற்று வரலாற்றைப் பார்ப்போம்.

மாணவர்களுக்கு விளையாட்டும் ஒரு பாடம்தான் என்ற எண்ணம் நம் மாநிலத்தில் வேரூன்றியதில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. 1920-இல் அவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியுடனும் சென்றார். அவரது கல்லூரியில் பயின்றவர்கள் பல ஊர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். நாம் 'பி.டி. மாஸ்டர்' என்று அழைப்பவர்களின் கதை இப்படித்தான் வளர்ந்தது.

தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற எங்கள் மேல்விஷாரத்தில் 1918-இல் முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. 1965-இல் தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி வந்தது. இப்படி ஊருக்கு ஊர் கல்லூரி வந்தது, மாஸ்டரும் வந்தார். ஆனால் அவர் விசில் ஊதுவது கல்லூரி முடியும் வரைதான். அதன் பிறகு?

இதற்குப் பதில் அமெரிக்காவில் கிடைத்தது. ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற மருத்துவர், 1916 முதல் 1950 வரை ஹார்வர்டில் சேர்ந்த 16,936 ஆண்களை ஆராய்ந்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு 2000 கலோரிக்குக் குறைவாக உடலுழைப்பு செய்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 64 சதவீதம் அதிகமாக இருந்தது. கல்லூரி அணியில் ஆடிய வீரர்களுக்கும் விலக்கில்லை! பிற்காலத்திலும் உடலுழைப்பை விடாதவர்களுக்கு மட்டுமே பலன் நீடித்தது. பாஃபன்பார்கரே தம் 45-ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினார், பிறகு பல மாரத்தான்களை முடித்தார்.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம், தேசிய அளவில் 11.4 சதவீதம். நம் வீடுகளிலும் அப்பா, சித்தப்பா என்று யாராவது ஒருவர் மாத்திரை எடுக்கிறார். அவர்களும் ஒரு காலத்தில் மைதானத்தில் ஓடியவர்கள்தானே?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேர வேக நடை. ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தாலும் சரி, வெளிநாடு போனாலும் சரி, இது யாராலும் முடியும். டிகிரி சான்றிதழுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு. உடற்பயிற்சி அப்படியல்ல, செல்போன் ரீசார்ஜ் மாதிரி. வேலிடிட்டி முடிந்தால் மறுபடியும் போட்டே ஆக வேண்டும்!