ஆசிரியர் ஓர் ஊரில், பட்டம் வேறோர் ஊரில்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவுசெய்ய நினைக்கும் மாணவிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கைடுகிட்ட சேரலாம் மேடம்?" என்பதுதான். அடுத்து வரும் கேள்விகள் ஆய்வைப் பற்றியவை அல்ல. விடுதி உண்டா, ஊரிலிருந்து எத்தனை மணி நேரம், வீட்டில் அனுப்புவார்களா என்பவை. இந்தக் கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. கணிதவியலாளர் சோஃபியா கோவலெவ்ஸ்கயாவின் வாழ்க்கை அதில் ஒரு பக்கம்.

1850இல் மாஸ்கோவில் பிறந்தவர் சோஃபியா. அவர் படிக்க விரும்பிய காலத்தில் ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. வெளிநாடு போகவோ தந்தை அல்லது கணவரின் அனுமதி வேண்டும். ஆகவே 1868இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கி என்பவரைப் பெயரளவுக்கு மணந்துகொண்டார். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கணவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

1869இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் சென்றார். அங்கும் பெண்ணுக்குப் பதிவு கிடையாது. பேராசிரியர்களிடம் தனித்தனியே அனுமதி பெற்று வகுப்பில் உட்காரலாம். அங்கே அவருக்குக் கற்பித்த கோனிக்ஸ்பெர்கர், பெர்லினிலிருந்த கார்ல் வையர்ஸ்ட்ராஸின் மாணவர். அந்த மூல ஆசிரியரிடமே கற்க விரும்பி, 1870இல் சோஃபியா பெர்லின் போனார். வையர்ஸ்ட்ராஸ் கடினமான கணக்குகளைக் கொடுத்தனுப்பினார். சோஃபியா விடைகளோடு திரும்பி வந்தார். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார், பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. வகுப்பில் உட்காரவும் அனுமதி மறுக்கப்பட்டது. ஹைடெல்பர்கில் வகுப்பறை இருந்தது. பெர்லினில் ஆசிரியர் மட்டுமே. சோஃபியா ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தார். நான்கு ஆண்டுகள் தனியாகவே பாடம் நடந்தது.

பட்டத்துக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. நேரில் வராதவருக்கும் பட்டம் வழங்கும் வழக்கம் கோட்டிங்கனில் இருந்தது. வையர்ஸ்ட்ராஸ் அவருக்காக அங்கே பரிந்து எழுதினார். மூன்று ஆய்வுகளை அனுப்பி, 1874இல் சோஃபியா முனைவரானார். அதே ஆண்டில் அவருடைய தோழி யூலியா லெர்மன்டோவாவும் அங்கேயே வேதியியலில் பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு ரஷ்யா திரும்பியவருக்குப் பெண்கள் பள்ளியின் கீழ் வகுப்புகளில் கணக்கு சொல்லித்தரும் வேலைதான் வாய்த்திருக்கும். ஸ்டாக்ஹோமில் நிரந்தரப் பேராசிரியர் ஆனது 1889இல். இரண்டே ஆண்டுகளில், 41 வயதில் இறந்துபோனார்.

சோஃபியாவைப் போல இருங்கள் என்று மாணவிகளிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அனுமதிகளுக்காக அவர் செலவிட்ட ஆண்டுகள் கணிதத்துக்குப் போயிருக்க வேண்டியவை. வையர்ஸ்ட்ராஸைப் பற்றி மட்டும் சொல்வேன். அவர் புகழ்பெற்றவர் என்பதால் அல்ல. தன் மாணவிக்காகத் தன் நிறுவனத்துக்கு வெளியேயும் வழி தேடினார் என்பதால்.

நெறியாளர் எத்தனை நூல்கள் எழுதியிருக்கிறார் என்று விசாரிக்கிறோம். அவரிடம் பதிந்த பெண்களில் எத்தனை பேர் ஆய்வை முடித்தார்கள் என்றும் விசாரியுங்கள். முடித்தவர்களைத் தேடிப் பேசுங்கள். பாதியில் விட்டவர்களையும் தேடிப் பேசுங்கள்.