காகிதக் கட்டுகளில் சிக்கிய சந்தை

மும்பை தலால் தெருவில் 1990-களின் நடுப்பகுதிவரை பங்கு வியாபாரம் வாய்ச்சொல்லில் நடந்தது. 'ரிங்' எனப்பட்ட கூடத்தில் தரகர்கள் நெருக்கியடித்து நின்று, கையசைத்தும் உரக்கக் கூவியும் விலை பேசுவார்கள். பேசி முடித்த விலை சிறு நோட்டில் ஏறும். தன் பங்கு என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதற்கு வெளியூர் வாடிக்கையாளரிடம் தரகரின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பங்கைக் கைக்குக் கொண்டுவருவது இன்னொரு பாடு. சான்றிதழோடு மாற்றுப் படிவம் இணைத்து, முத்திரை வில்லை ஒட்டி, விற்றவர் கையெழுத்துடன் நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்குள்ள மாதிரிக் கையெழுத்தோடு சுழி கொஞ்சம் மாறியிருந்தாலும் போதும், கட்டு அப்படியே திரும்பிவரும். சந்தையில் இதற்குப் பெயர் 'பேட் டெலிவரி'. பணம் கொடுத்தவர் மாதக்கணக்கில் காத்திருப்பார்.

வங்கிகளும் இதே காகிதத் தாமதத்தில்தான் இருந்தன. அரசுக் கடன்பத்திரங்களின் கணக்கை ரிசர்வ் வங்கி கையால் எழுதிய பேரேட்டில் வைத்திருந்தது. அதனால் வங்கிகள் தங்களுக்குள் பத்திரத்துக்குப் பதிலாக 'பேங்க் ரெசிப்ட்' என்ற ரசீதைக் கொடுத்துப் பணம் புரட்டின. இந்த இடைவெளியில்தான் தரகர் ஹர்ஷத் மேத்தா புகுந்தார். பின்னால் பத்திரமே இல்லாத ரசீதுகளைச் சில சிறு வங்கிகள் எழுதித் தந்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. 1991 தொடக்கத்தில் 1,000 புள்ளிகளை ஒட்டியிருந்த சென்செக்ஸ், 1992 ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டியது.

ஏப்ரல் 23 அன்று பத்திரிகையாளர் சுசேதா தலால் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் விஷயத்தை உடைத்தார். சந்தை சரிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்கிட்ட மோசடித் தொகை 4,000 கோடி ரூபாய்க்கு மேல். ஏறுகிற விலையை நம்பிச் சேமிப்பைப் போட்ட குடும்பங்களின் நஷ்டத்துக்குக் கணக்கு எழுதியவர் யாருமில்லை.

சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 1988-லேயே தொடங்கப்பட்டது. ஆனால் அதற்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது 1992-ல்தான். சட்டத்தோடு சந்தையின் இயந்திரமும் மாறியது. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. டிஷ் ஆன்டெனா வைத்திருந்த வெளியூர்த் தரகரும் மும்பைக்காரர் பார்த்த அதே விலையை அதே நொடியில் பார்த்தார். ஓராண்டுக்குள் அது மும்பைச் சந்தையின் வியாபாரத்தையே மிஞ்சியது. 1996-ல் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் வந்தது. காகிதச் சான்றிதழ் டீமேட் கணக்கில் வெறும் எண்ணாக மாறியது.

அத்தோடு மோசடி ஒழியவில்லை. 2001-ல் தரகர் கேதன் பாரேக் விவகாரம் வெடித்த பிறகே, கணக்கைத் தீர்க்காமல் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் 'பத்லா' முறைக்கு முடிவான தடை வந்தது. ஒவ்வொரு சீர்திருத்தமும் சிறு முதலீட்டாளர் அடிபட்ட பிறகே வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் வேதனை. ஆனாலும் பலன் நிஜம். 2023 ஜனவரி முதல், வாங்கிய பங்கு மறு வேலைநாளிலேயே கணக்கில் ஏறிவிடுகிறது.

அப்பாவோ தாத்தாவோ வாங்கிவைத்த காகிதப் பங்குகள் இன்றும் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் அவற்றை டீமேட்டுக்கு மாற்றாமல் விற்க வழியில்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரியவர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.