டவுன்லோடு இலவசம்தான்... பிறகு வீடியோ கேம் எப்படிச் சம்பாதிக்கிறது? கேசட் காலம் முதல் 'டைமண்ட்' காலம் வரை

சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ்ஸுக்கோ விருத்தாசலம் பஸ்ஸுக்கோ ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நாலு பையன்கள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் கையிலும் போன் குறுக்குவாட்டில் இருக்கும். "மச்சி, ஜோன் வருது, ஓடு!", "டேய், ரிவைவ் குடுடா!" என்று சத்தம் வரும். பக்கத்தில் நிற்கும் பெரியவருக்கு ஒன்றும் புரியாது.

அவர்கள் விளையாடுவது இலவச கேம். இறக்கிக்கொள்ள ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆனால், உலகில் அதிகம் சம்பாதிக்கும் பொழுதுபோக்குத் தொழில்களில் ஒன்று இந்த வீடியோ கேம். அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது?

50 வருஷ வீடியோ கேம் வரலாற்றைப் படம் எவ்வளவு தெளிவானது என்று பார்ப்பது ஒரு வகை. கேம் நம்மிடம் எப்போது காசு கேட்டது என்று பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவது வழியில் பார்த்தால், இன்றைக்கு வீட்டில் நடக்கும் பல சண்டைகளுக்குக் காரணம் புரியும்.

காசு போட்டால் ஒரு ஆட்டம்

1972-ல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற கேமைக் கொண்டுவந்தது. திரையில் இரண்டு கோடு, நடுவே ஒரு புள்ளி. அவ்வளவுதான். மெஷினில் காசு போட்டால் ஒரு ஆட்டம். அடுத்து ஜப்பானிலிருந்து 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் 'பேக்மேன்' வந்தன.

இந்த மெஷின்களின் கணக்கு எளிமையானது. ஆள் சீக்கிரம் தோற்க வேண்டும், ஆனால் 'இன்னொரு தடவை போட்டா ஜெயிச்சிடுவேன்' என்று தோன்ற வேண்டும். 'மூணு லைஃப்', 'கேம் ஓவர்' என்ற சொற்களெல்லாம் அந்தக் கணக்கில் ஊறியவை. காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஊதிப் போட்ட கேசட்

தமிழ்நாட்டின் சின்ன ஊர்களுக்கு வீடியோ கேம் வந்தது 90-களில், டிவியில் மாட்டும் கேசட் வடிவில். ஜப்பானின் நிண்டெண்டோ 1983-ல் வெளியிட்ட கருவியின் மலிவு நகல்கள்தான் நம் கடைத்தெருவில் கிடைத்தவை. ஒரிஜினலைப் பார்த்தவர்கள் இங்கே ரொம்பக் குறைவு.

கேசட்டின் மேல் '99999 கேம்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் மாரியோ, கான்ட்ரா, டாங்கி, வாத்து சுடுவது என்று சில கேம்களே திரும்பத் திரும்ப வேறு நம்பரில் வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம். ஊதியதால்தான் வேலை செய்தது என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. கழற்றி மறுபடி அழுத்தமாகச் சொருகியதே காரணம்.

கருவி வாங்க முடியாதவர்கள் டிவி வைத்த கடைக்குப் போவார்கள். கால் மணிக்கு இவ்வளவு, அரை மணிக்கு இவ்வளவு என்று ரேட். ஒருவன் விளையாட, ஐந்து பேர் பின்னால் நின்று யோசனை சொல்வார்கள்.

அந்த கேசட்டுக்கு ஒரு தடவைதான் காசு. அதோடு, கேமுக்கு ஒரு முடிவும் இருந்தது. 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில் இளவரசியைக் காப்பாற்றினால் கதை முடிந்தது. முடித்தவன் தெருவில் ஹீரோ.

பிரவுசிங் சென்டரும் பாம்பும்

2000-க்குப் பிறகு காசு மணிக்கணக்குக்குப் போனது. ரயில்வே டிக்கெட் போடவும் ரிசல்ட் பார்க்கவும் திறந்த பிரவுசிங் சென்டர்களில் 'கவுன்டர் ஸ்ட்ரைக்', 'ஐஜிஐ', 'வைஸ் சிட்டி' ஓடின. இங்கேயும் கடைக்காரர் "டைம் முடிஞ்சிடுச்சு தம்பி" என்று வந்து நிற்பார். ஆட்டத்துக்கு வெளியே ஒரு கடிகாரம் இருந்தது.

இன்னொரு பக்கம், 1997-ல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்பு கேம், கேம் என்றால் என்னவென்றே கேட்காத அப்பாக்களையும் அம்மாக்களையும் விளையாட வைத்தது. அது போனோடு சும்மா வந்தது, ஒருபோதும் காசு கேட்கவில்லை. 2006-ல் தொடங்கி 2014 வரை நோக்கியா போன்கள் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராயின.

2016-க்குப் பிறகு என்ன மாறியது?

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டு மும்பையிலிருந்து 'லூடோ கிங்' வந்தது. 2020 ஊரடங்கில் தாத்தா, பேத்தி, துபாயில் இருக்கும் சித்தப்பா என்று மொத்தக் குடும்பமும் அதில் தாயம் உருட்டியது. ஒரு சின்ன வேடிக்கை: லூடோ என்பது நம் நாட்டுப் பச்சீசி ஆட்டம், இங்கிலாந்து போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. பரமபதமும் அப்படித்தான் 'ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது.

2018-ல் பப்ஜி மொபைல் வந்ததும் நிலைமை மாறியது. ஒரே நேரத்தில் 100 பேர் இறங்குகிறார்கள், கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. காதில் மைக் இருப்பதால் சேத்தியாத்தோப்புப் பையனும் ஜெய்ப்பூர் பையனும் ஒரே அணி. 'நூப்', 'பாட்', 'ஜிஜி', 'கிளட்ச்' என்று ஒரு புதுப் பேச்சு வழக்கு கிரிக்கெட் மைதானம் வரைக்கும் வந்துவிட்டது.

விளையாடுவதைப் பார்ப்பதும் பொழுதுபோக்கானது. தமிழில் பேசிக்கொண்டே விளையாடும் யூடியூப் சேனல்களுக்குப் பெரும் கூட்டம் சேர்ந்தது. அதன் கசப்பான பக்கமும் தெரிந்தது: 2021 ஜூனில், ஆபாசமாகப் பேசியபடி விளையாட்டை ஒளிபரப்பிய புகாரில் ஒரு யூடியூபர் தர்மபுரியில் கைதானார்.

லடாக் எல்லை மோதலை அடுத்து, 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி உட்பட 118 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதுவே 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மீண்டும் வந்தது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடையானது, ஆனால் அதன் இன்னொரு பதிப்பான 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தொடர்ந்து கிடைத்தது. தடை செய்தால் பையன் படிக்கப் போய்விடுவான் என்று நம்பிய பெற்றோருக்கு இந்தத் தேதிகளே பதில்.

'டைமண்ட்' கணக்கு எப்படி வேலை செய்கிறது?

இந்த கேம்களுக்கு முடிவு கிடையாது. ஒரு ஆட்டம் முடிந்தால் அடுத்தது. சீசன் முடிந்தால் அடுத்த சீசன். காசும் ஆட்டத்துக்கு அல்ல, உடைக்கும் துப்பாக்கியின் 'ஸ்கின்'னுக்கும். ஸ்கின் என்பது பெரும்பாலும் வெறும் அலங்காரம். அது இல்லாமலும் ஜெயிக்கலாம். ஆனால் நண்பர்கள் எல்லோரும் தீபாவளிக்குப் புதுத்துணி போட்டிருக்கும்போது நீங்கள் மட்டும் பழைய சட்டையில் நின்றால் எப்படி இருக்கும்? 13 வயதுப் பையனுக்கு அதே உணர்வுதான்.

இதில் மூன்று தந்திரங்களைக் கவனிக்கணும்.

விலை ரூபாயில் இருக்காது. முதலில் ரூபாய் கொடுத்து 'டைமண்ட்' அல்லது 'யூசி' வாங்க வேண்டும், பிறகு அதைக் கொடுத்துப் பொருள் வாங்க வேண்டும். திருவிழாவில் டோக்கன் வாங்குவது மாதிரி. கையில் டோக்கன் வந்துவிட்டால் அது எத்தனை ரூபாய் என்று மனசு கணக்குப் போடாது. விற்கும் பொட்டலத்தின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் மீதி நிற்கும். அந்த மீதியை வீணாக்க மனசில்லாமல் இன்னொரு பொட்டலம் வாங்குவோம்.

பல பொருள்கள் நேரடி விற்பனைக்கு இல்லை. சக்கரம் சுற்றணும். என்ன விழும் என்று தெரியாது. இது சூதாட்டம் என்று சொல்லி, காசு கட்டித் திறக்கும் இப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018-லேயே பெல்ஜியம் சட்டவிரோதம் என்றது.

மூன்றாவது, அவசரம். 'இன்னும் 6 மணி நேரம்தான்' என்று ஒரு கடிகாரம் ஓடும். பிரவுசிங் சென்டரில் கடிகாரம் எழுந்து போகச் சொன்னது. இங்கே போகாதே என்கிறது.

அம்மா போனில் யுபிஐ இருக்கிறது, பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியும். நூறு நூறாகப் போய் மாதக் கடைசியில் பேங்க் கணக்கைப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

எல்லா கேமும் இப்படியா?

இல்லை. தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கேம் 'வெண்பா'. கனடாவின் டொரான்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. 80-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின். இவர்கள்தான் பாத்திரங்கள். சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்குவது ஆரம்பப் புதிர்களில் ஒன்று. நம் வீட்டு அம்மாக்கள் இதில் பிள்ளைகளைச் சுலபமாகத் தோற்கடிப்பார்கள்.

சமையலுக்கு நடுவே, பள்ளியில் தமிழ் பேச வெட்கப்படும் மகனுக்கும் அம்மாவுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. பின்னணியில் பழைய தமிழ்ப் பட இசையை நினைவூட்டும் பாட்டு. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும், சுதந்திர கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்தன. ஒரு தடவை காசு, ஒன்றரை மணி நேரம்போல ஆட்டம், அதற்குப் பிறகு முடிந்தது. பழைய கேசட் மாதிரி.

சினிமாவும் இதைத் தொட்டிருக்கிறது. அஸ்வின் சரவணன் இயக்கத்தில் 2019-ல் வந்த 'கேம் ஓவர்' படத்தில் டாப்ஸி கேம் டிசைனராக வருவார். 'மூணு லைஃப்' என்பதை வைத்தே கதையின் கடைசிப் பகுதி நகரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ரம்மி, போக்கர் போலப் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டம் வேறு. பிஜிஎம்ஐ போன்ற வீடியோ கேம் வேறு.

ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டில் தொடர்ந்து செய்தியாயின. அரசு முதலில் கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதுச் சட்டம் 2022 அக்டோபரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டம் செல்லும் என்ற உயர் நீதிமன்றம், திறமை ஆட்டங்களான ரம்மிக்கும் போக்கருக்கும் தடை செல்லாது என்றது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகள் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை உள்நுழைய முடியாது. ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் இந்த விதிகளை ஏற்றது.

அடுத்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போனது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. இதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. இ-ஸ்போர்ட்ஸை இந்தச் சட்டம் விளையாட்டாக அங்கீகரிக்கிறது.

ஆக, பணம் ஜெயிக்கும் ஆசையில் கட்டும் காசுக்குத்தான் தடை. உடைக்கும் ஸ்கின்னுக்கும் கட்டும் காசு வேறு கணக்கு. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் பையனின் டைமண்ட் செலவை இந்தச் சட்டம் நிறுத்தாது. அதை வீட்டில்தான் பார்க்கணும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிளே ஸ்டோர் அமைப்பில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். பிள்ளை விளையாடும் போனில் யுபிஐ வேண்டாம். வேறு வழியில்லை என்றால் பின் நம்பரை மாற்றிவிட்டு, ஆட்டோபே பட்டியலை ஒருமுறை பாருங்கள். 'இலவச டைமண்ட்' என்று வரும் லிங்க் எல்லாம் அக்கவுன்ட்டைத் திருடும் வலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அதிகம் விளையாடுகிறான் என்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் 'கேமிங் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. நிறுத்த முடியவில்லை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகிவிட்டது, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது என்ற நிலை பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போகிறது என்று தோன்றினால், அல்லது பணம் இழந்து வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், 'டெலி மானஸ்' எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.