மதுரையை இழந்த சகோதரர்

சிவகாசி விசுவநாதர் கோயிலைப் பற்றி நாரணாபுரம் வட்டாரத்தில் வழங்கும் கதையில், காசியிலிருந்து சிவலிங்கத்தைத் தென்காசிக்குக் கொண்டுசென்ற ஹரிகேசரி பராக்கிரம பாண்டியன், அதைச் சுமந்து வந்த பசு இவ்விடத்தில் நின்று நகர மறுத்தமையால், இங்கேயே பிரதிஷ்டை செய்தான் என்பார்கள். கதை எவ்வாறாயினும், மதுரைக்குரிய பாண்டியர் தென்காசியில் அரசிருக்க நேர்ந்த காரணத்தை அறிய, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய சகோதர யுத்தத்தைக் காண வேண்டும்.

1268-இல் பட்டமேற்ற மாறவர்மன் குலசேகர பாண்டியன், சோழ சாம்ராஜ்யத்துக்கு முடிவுகட்டி, ஈழத்துக்குப் படையனுப்பி யாப்பகூவாவிலிருந்த புத்தரின் தந்ததாதுவைக் கவர்ந்துவரச் செய்து, காயல் துறையின் குதிரை வாணிகத்தால் கருவூலத்தை நிறைத்த பெருவேந்தன். ஆயினும், ஒரே காலத்தில் பலர் முடிசூடி நாட்டைப் பகுத்து ஆள்வது பாண்டியர் மரபு. அவர்களுள் மூத்தவருக்குப் பின் யார் என்பதற்குத் திட்டமான நியதி இல்லை. அக்காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரச சகோதரர்கள் போருக்கு எழும்போதெல்லாம் அவர்களுடைய தாய் குறுக்கே நின்று, பாலூட்டிய மார்பை அறுத்து எறிவேன் என்று சொல்லித் தடுப்பாள் என்றும், அவள் மறைந்தபின் அவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்றும் எழுதிவைத்தார்.

அவர் அஞ்சியது அடுத்த தலைமுறையில் நிகழ்ந்தது. பட்டத்தரசியின் மகனான தன்னை விடுத்து, மற்றொருத்தியின் மகனான வீரபாண்டியனைத் தந்தை ஆதரித்ததாகச் சினந்த சுந்தரபாண்டியன், 1310-இல் குலசேகரனைக் கொன்றான் என்பது பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி. சகோதரர் பொருதுகொண்டிருக்கையில், 1311-இல் டில்லித் தளபதி மாலிக் காபூர் தெற்கே பாய்ந்தான். வீரபாண்டியன் காடுகளில் மறைந்து தப்பினான். மதுரையிலோ, சுந்தரன் அரசியருடன் வெளியேறிவிட, கோயிலில் இரண்டு மூன்று யானைகளே எஞ்சியிருந்தன என்கிறார் டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரூ. ஆயினும் காபூர் கொண்டுசென்ற கொள்ளையில் 512 யானைகள் இருந்தன என்றும் அவரே கணக்கிடுகிறார்.

உட்பூசல் பகைவருக்கு வழிதிறக்கும் என்பதையே ருஷ்ய தேசத்தின் சரித்திரமும் உரைக்கிறது. வாரிசுரிமைப் பூசலில் பல சிற்றரசுகளாகச் சிதறிய அந்நாட்டில், 1237-இல் மங்கோலியர் சூழ்ந்த ரியாசான் நகருக்கு விளாதிமிர் அரசன் உரிய காலத்தில் துணை வரவில்லை; ரியாசான் வீழ்ந்தது, சில வாரங்களில் விளாதிமிரும் வீழ்ந்தது.

காபூர் திரும்பிய பிறகும் பாண்டியர் ஒன்றுபடவில்லை. சேரநாட்டு ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிவரை முன்னேறினான். 1323-இல் மீண்டும் வந்த டில்லிப் படையின் வெற்றி, பின்னர் மதுரையில் சுல்தான்களின் தனியாட்சிக்கு வழிவகுத்தது. அதன்பின் விஜயநகரத்துக் குமார கம்பணன் அவர்களை வென்றபோதும், மதுரை பழைய குலத்தின் பெருநகராக மீளவில்லை; பாண்டியர் தென்காசியில் அரசிருக்க நேர்ந்தது இதனால்தான்.

டில்லிச் சேனையின் வன்மை பெரிதுதான். எனினும், படையும் பொருளும் குன்றாதிருந்த ஓர் அரசை அது அத்தனை எளிதில் ஊடுருவியதற்குக் காரணம், அன்னையொருத்தியின் கண்ணீர் காத்துவந்த ஒற்றுமையை நியதியாக நிலைநிறுத்த அந்த வம்சம் தவறியதே. ஒருவருடைய அன்பை மட்டும் நம்பி நிற்கும் இராஜ்யத்துக்கு, அவருடைய ஆயுளே எல்லையாகிவிடுகிறது.