அட்லாண்டிக் கல்லூரியும் யுனைடெட் வேர்ல்ட் கல்லூரிகளும்

வேல்ஸின் தென்கரையில், பிரிஸ்டல் கால்வாயைப் பார்த்தபடி நிற்கும் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் 1962இல் தொடங்கியது அட்லாண்டிக் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி; நம் கணக்கில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பிள்ளைகள் பல நாடுகளிலிருந்து வந்து இரண்டாண்டு தங்கிப் படிக்கும் பள்ளி அது. முதலில் ஆண்களுக்கு மட்டும் இருந்தது; 1967இல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் குர்ட் ஹான். 1886இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் சாலெம் பள்ளியைத் தொடங்கி நடத்திவந்தவர், ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் சிறைவைக்கப்பட்டு, பிறகு பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1955இல் பாரிஸில் நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்குப் போனபோது, பத்தாண்டுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்ந்து பயில்வதைக் கண்டார். பகை முற்றிய பிறகு இது முடியுமென்றால், பகை வேர்பிடிக்கும் முன்பே பதினாறு வயதில் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி. அதிலிருந்து வளர்ந்த யுனைடெட் வேர்ல்ட் கல்லூரிகள் என்ற அமைப்பு இன்று நான்கு கண்டங்களில் 18 பள்ளிகளாக இருக்கிறது. இந்தியாவில் புனே அருகே மகிந்திரா கல்லூரி 1997 முதல் இயங்குகிறது.

இப்பள்ளிகளைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் முன்னே வருவது எண்ணிக்கை: எத்தனை நாட்டுப் பிள்ளைகள், எத்தனை மொழிகள். அந்த எண்ணிக்கை கல்வி ஆகிவிடாது. பல நாட்டவரை ஒரே விடுதியில் தங்கவைப்பதால் மட்டும் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதில்லை. சாப்பாட்டு மேசையில் மொழிவாரியாகப் பிரிந்து உட்கார யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒருவர் தவறினால் மற்றவர் பாதிக்கப்படும் வேலையைச் சேர்ந்து செய்யும்போதுதான் இந்தக் கல்வி நிகழ்கிறது. அட்லாண்டிக் கல்லூரியின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி.

கல்லூரி அமைந்த கடற்பகுதி உலகிலேயே ஓத ஏற்றத்தாழ்வு மிக அதிகமான இடங்களில் ஒன்று. மாணவர்கள் பாய்மரப் படகு பழக வேண்டும், கவிழ்ந்தவர்களைத் தூக்கவும் வேண்டும். ரப்பர் படகு இதற்கு வசதி: பக்கங்கள் மென்மையானவை, நீரில் கிடப்பவரை இழுத்துப் போட எளிது. ஆனால் கரையெல்லாம் கல். ஒவ்வொரு முறை இழுத்து ஏற்றும்போதும் அடிப்பகுதித் துணி தேய்ந்து கிழிந்தது. முதல் தலைமையாசிரியரான ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர், மாணவர்களுடன் கல்லூரிப் பட்டறையிலேயே அடிப்பகுதிக்கு ஒட்டுப்பலகை வைத்துப் பார்த்தார். உடைந்தது, மாற்றினார்கள்; மறுபடி உடைந்தது, மறுபடி மாற்றினார்கள். கடைசியில் அலையைக் கிழித்துப் போகும் கூரிய கடின அடிப்பாகமும் சுற்றிலும் காற்றுக் குழாயும் கொண்ட படகு உருவானது. இன்று கடலோரக் காவல் படைகள் முதல் பேரிடர் மீட்புக் குழுக்கள் வரை ஓட்டும் படகுவகைக்கு மூதாதை இதுதான். ஹோர் அதன் காப்புரிமையை 1973இல் பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.க்கு 1 பவுண்டுக்குக் கொடுத்தார். அந்த அமைப்பின் படகுவகைக்கு ‘அட்லாண்டிக் 21’ என்ற பெயர் வந்தது இக்கல்லூரியால். 1963 முதல் 2013 வரை கல்லூரியே ஒரு மீட்புப் படகு நிலையமாகவும் இருந்தது. கயிற்றைப் பிடித்திருப்பவன் எந்த நாட்டான் என்று மீட்பு நேரத்தில் யாரும் கேட்க முடியாது. சரியாகப் பிடித்திருக்கிறானா என்பது மட்டுமே கேள்வி.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் இதையே கோட்பாடாக வைத்தார். சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை இருக்கும்போது குழுக்களிடையே பழக்கம் முன்முடிவுகளைக் குறைக்கும் என்றார். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பெட்டிகுரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த நிபந்தனைகள் இல்லாவிட்டாலும் பழக்கம் ஓரளவு பயன் தருகிறது. அப்படியானால் விடுதி வாழ்க்கையே போதாதா? போதாது. நிபந்தனைகள் இருக்கும்போது பயன் கூடுகிறது என்பதும் அதே தொகுப்பின் முடிவு. மேலும், பழகவே விடாத ஏற்பாடுகள் ஒரே கூரையின் கீழும் நிலைக்கும். போஸ்னியாவின் மோஸ்தாரில் 2006இல் தொடங்கிய யுனைடெட் வேர்ல்ட் கல்லூரி இயங்குவது அந்நகரின் பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில். அதே கட்டடத்தில் பொஸ்னியாக், குரோவாத்தியப் பிள்ளைகள் தனித்தனிப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் ஏறி வெவ்வேறு வகுப்புக்குப் போகிறார்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே தேர்வுக்கு உட்காருவது வெளிநாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் இந்தக் கல்லூரியில்தான்.

பாடத்திட்டமும் இதே நோக்கத்துக்குத் துணை. அட்லாண்டிக் கல்லூரி 1971இல் பிரிட்டிஷ் ஏ-லெவலைக் கைவிட்டு, அப்போது புதிதாயிருந்த இன்டர்நேஷனல் பாக்கலரியேட் (ஐ.பி.) டிப்ளமோவுக்கு முழுவதுமாக மாறியது. ஆறு பாடங்கள், 4000 சொல் வரையிலான ஒரு நீள் கட்டுரை, நமக்குத் தெரிந்ததெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கும் அறிவுக் கோட்பாட்டு வகுப்பு, கட்டாயச் சேவை. மொத்த மதிப்பெண் 45. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஆசிரியர் கிடைக்காத தாய்மொழியின் இலக்கியத்தையும் மாணவர் தானே படித்துத் தேர்வெழுதலாம் என்ற ஏற்பாடு. பாடமொழி ஆங்கிலமாக இருக்கும் பள்ளியில், தன் மொழியைத் துறக்காமல் உலகத்தோடு சேர இது வழிவிடுகிறது.

பெரிய ஆட்சேபம் பணம் பற்றியது. நெதர்லாந்து மன்னர் வில்லெம்-அலெக்சாந்தரும் ஸ்பெயின் இளவரசி லெயோனோரும் படித்த கோட்டைப் பள்ளி சாமானியருக்கு எப்படிச் சொந்தமாகும்? 150க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள தேசியக் குழுக்கள் மாணவர்களைத் தேர்ந்து, பலருக்கு உதவித்தொகை பெற்றுத் தருகின்றன. ஆனாலும் நேர்காணலுக்கு வரவே ஆங்கிலமும் தகவலும் வேண்டும். அவை ஏற்கெனவே வசதியுள்ள வீட்டில்தான் கூடுதலாக இருக்கின்றன. இந்தக் குறை உண்மையானது. படித்தவர்கள் ஊர் திரும்புவதில்லை என்ற குறையிலும் உண்மை உண்டு: 2000 முதல் டேவிஸ் உதவித்தொகைத் திட்டம் இவர்களில் பலரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் இவை யார் உள்ளே வருகிறார், வெளியே எங்கே போகிறார் என்பது பற்றிய குறைகள். உள்ளே நிகழும் கல்வியை இவை பொய்யாக்கவில்லை. அதை இன்னும் பரவலாகப் பங்கிட வேண்டும் என்றே கேட்கின்றன.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. மீட்பு நிலையம் 2013இல் மூடப்பட்டது. கடலில் உயிர் காப்பது தொழில்முறைப் பயிற்சியும் சட்டப் பொறுப்பும் கூடிய வேலையாகிவிட்ட காலத்தில் பதினேழு வயதினரிடம் அதை விடுவது கடினம், அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதன் இடத்தில் வருவது வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்கும் சேவையாகச் சுருங்கினால், இழப்பு படகோடு நிற்காது. அப்படிச் சுருங்காத சேவைக்கும் உதாரணம் உண்டு. நார்வேயின் ஃபிளெக்கேயில் 1995இல் திறந்த யுனைடெட் வேர்ல்ட் கல்லூரி, ஹாக்லண்ட் மறுவாழ்வு மையத்தை ஒட்டியே அமைக்கப்பட்டது. உடல் தேற வந்தவர்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறார்கள். மாணவன் போகாமல் விட்டால் அவனுக்காகக் காத்திருப்பவர் ஒருவர் அங்கே உண்டு.